பழைய ஹயஸ் வானின் முன் சில்லு பேரிங்: மாற்றி ஒரு வருடத்துக்குள் மீண்டும் இரைச்சல்

கேள்வி (வவுனியா சாரதி):

வணக்கம். என்னிடம் இருப்பது 1994 ஆம் ஆண்டு ரொயோட்டா ஹயஸ் எல்எச்113, அதாவது நாம் டொல்பின் என்று சொல்லும் வான். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்காக ஓடுகிறது. மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து தொடர்ச்சியான இரைச்சல் வருகிறது. கியரை நியூற்றலுக்கு மாற்றினாலும் அது குறைவதில்லை; வலப்பக்கம் திரும்பும் நீண்ட வளைவுகளில் இன்னும் கூடுகிறது. கடந்த ஆண்டுதான் ஒரு கராஜில் இரண்டு முன் சில்லுகளுக்கும் பேரிங் மாற்றினோம். அதன் பிறகு மாரி மழையில் வெள்ளம் நின்ற வீதிகளிலும் வாகனம் ஓடியது. இவ்வளவு விரைவில் பழுதாவதற்குப் பேரிங்கின் தரம்தான் காரணமா? இந்த முறை நானே கழற்றிப் பார்க்க நினைக்கிறேன். பிள்ளைகள் பயணிக்கும் வாகனம் என்பதால் எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

பதில் (மானிப்பாய் வாசகர்):

வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சில்லுகளுக்கு மாறுவதால், இரைச்சல் இடது பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் பேரிங் வாங்குவதற்கு முன் ரயரைக் கையால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த ரயரும் அச்சொட்டாக இதே சத்தத்தைத் தரும். முன் ரயரைப் பின்னுக்கு மாற்றி ஓட்டும்போது சத்தமும் பின்னுக்குப் போனால் பேரிங்கில் குறை இல்லை. அடுத்து வாகனத்தை ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்திவிட்டு, சில்லின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் மறைந்தால் அது பேரிங்கின் ஆட்டம். மறையாவிட்டால் சில்லைத் தாங்கும் கைகளின் பந்து மூட்டுகளை, அதாவது போல் ஜொயின்ற்களைப் பார்க்க வேண்டும்.

பதில் (ஓய்வுபெற்ற மெக்கானிக், கிளிநொச்சி):

தம்பி, தரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போலிப் பேரிங்குகள் சந்தையில் உண்டு என்பது உண்மைதான். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, நம்பிக்கையான கடையில் பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். ஆனால் ஒரு வருடத்துக்குள் போன பேரிங்குகளில் நான் அதிகமாகக் கண்டவை நீர் புகுந்ததும், பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நடு நட்டைத் தவறாக இறுக்கியதும்தான். கழற்றும்போது பழைய கிறீஸைத் துடைத்து எறிவதற்கு முன் அதைக் கவனியுங்கள். பால் கலந்த தேநீர் போன்ற நிறத்தில் இருந்தால் கிறீஸை உள்ளே காக்கும் ஒயில் சீல் வளையம் வழியாக வெள்ளம் புகுந்திருக்கிறது. ரோலர்கள் நீலம் பாய்ந்திருந்தால் நட் அளவுக்கு மேல் இறுகி, சூடேறி ஓடியிருக்கிறது.

இந்த வானின் முன் ஹப்பில், அதாவது சில்லு பூட்டப்படும் நடுப்பாகத்தில், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கூம்பு ரோலர் பேரிங்குகள் இருக்கின்றன. பிறேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கலிபரைக் கழற்றியதும் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிறேக் குழாய் அதன் பாரத்தைத் தாங்கக் கூடாது. பேரிங்கில் ரோலர்களுடன் கூடிய உள்வளையம் கோன், ஹப்புக்குள் இறுகி உட்காரும் வெளிவளையம் கப். புதிய கோனைப் பழைய கப்பில் ஓடவிடாதீர்கள். அவை சோடியாகத் தேய்பவை, ஆகவே சோடியாகவே மாற்ற வேண்டும். பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் இரு பக்கமும் மாறிமாறித் தட்டிச் சரியாமல் வெளியேற்றி, புதியது அடியில் முழுமையாக உட்காரும் வரை தட்டுங்கள். உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை மாறுவது காதுக்குத் தெரியும். ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவினால் ஈரம் சிறிதும் இல்லாமல் உலரவிடுங்கள். டிஸ்க் பிறேக் சூடாகும் இடம் என்பதால் உயர் வெப்பம் தாங்கும் லிதியம் கிறீஸ் வேண்டும். அதை உள்ளங்கையில் எடுத்து, கோனின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, ரோலர்களுக்கு இடையால் மறுபக்கம் பிதுங்கி வரும் வரை ஏற்றுங்கள். மேலே பூசிவிட்டால் உள்ளே போய்விடும் என்று நினைப்பவர்கள் பலர், அது போகாது.

நட்டை இறுக்கும் இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே, கையேட்டில் உள்ள அளவுக்கு முதலில் இறுக்கி, இரு திசையிலும் பல முறை சுற்றிப் பேரிங்கை உட்காரவைத்து, பிறகு நட்டைத் தளர்த்திவிட்டு மீண்டும் மெதுவாக இறுக்க வேண்டும். ரொயோட்டாவின் முறையில் சில்லுப் போல்ட் ஒன்றில் வில்தராசைக் கொளுவி இழுத்து, ஹப் நகரத் தொடங்கும் விசையை அளப்பார்கள். கை அனுபவத்தை நானும் மதிக்கிறேன், ஆனால் பிள்ளைகள் ஏறும் வாகனத்தில் அளந்து செய்வதே முறை. ஒயில் சீலும், நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிற் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கட்டும்.

வவுனியா சாரதி:

மிக்க நன்றி ஐயா. இடது பக்கத்தைக் கழற்றினேன். கிறீஸ் நீங்கள் சொன்ன நிறத்திலேயே இருந்தது. உள் பேரிங்கின் கப்பில் சிறு குழிகள் விழுந்திருந்தன. ஆனால் வெளிக் கப் சுத்தியல் இல்லாமலே கையோடு கழன்று வந்தது. ஹப்பின் உட்புறத்தில் சென்டர் பஞ்சால் புள்ளிகள் குத்தினால் கப் இறுகிவிடும் என்று இங்குள்ள ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில் (ஓய்வுபெற்ற மெக்கானிக், கிளிநொச்சி):

வேண்டாம் தம்பி. கப் ஹப்புக்குள் சுழன்று துளையைத் தேய்த்துவிட்டது. புள்ளி குத்தினால் கப்பைத் தாங்குவது அந்தப் புள்ளிகளின் நுனிகள் மட்டுமே. சில நாட்கள் ஓடியதும் அவை நசுங்கி, கப் மீண்டும் சுழலும். அந்த ஹப்பை ஒதுக்கிவிட்டு வேறு ஹப் போடுங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்த வான்களை எப்படியாவது ஓட்ட வேண்டிய நிலை வந்தது. இப்படியான ஒட்டு வேலைகளும் அதோடு பெருகின. பாவித்த ஹப் வாங்கினால் புதிய கப்பைக் கையோடு கொண்டுபோங்கள். அது கையால் தள்ளி உள்ளே போனால் அந்த ஹப்பும் உதவாது. ஹப் சுழலும் அச்சான ஸ்பிண்டிலில் கோன் உட்காரும் இடத்தையும் விரலால் தடவுங்கள், படி போல நகத்தில் தட்டினால் அதையும் மாற்ற வேண்டும்.

வலது பக்கமும் அதே வெள்ளத்தில் ஓடியதுதான், ஆகவே அதையும் திறந்து பார்த்து, கிறீஸ் கெட்டிருந்தால் சீலையும் பேரிங்கையும் மாற்றுங்கள். பூட்டி முடிந்ததும் 20 கிலோமீற்றர் வெறும் வாகனமாக ஓட்டி, இரண்டு ஹப்களையும் தொட்டுப் பாருங்கள். பிறேக்கை அதிகம் பாவிக்காமல் ஓட்டியும் கை வைக்க முடியாத சூடு இருந்தால் நட்டைத் திரும்பவும் அளக்க வேண்டும். சில்லு நட்டுகளையும் அப்போதே மறுபடி இறுக்குங்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளை ஏற்றலாம்.