நகர்மன்றத் தலைவர் பதவியும் வீடும்: நடைமுறையில் எப்படி?

குன்னூர்வாசி:
மேயர்கள் பேட்டியில "மக்களோட இருக்கணும், குடும்பத்துக்கும் நேரம் ஒதுக்கணும்"னு அழகாச் சொல்றாங்க. நம்ம மலை ஊர்ல அது நடக்கற காரியமா?

தேயிலைக்காடு:
மேயர் மாநகராட்சிக்குத்தான். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் எல்லாம் நகராட்சி. கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பாங்க, 5 வருஷப் பதவி. அன்றாட நிர்வாகம் கமிஷனர் கையில. இது புரியாம "நாளைக்கே முடிச்சுத் தர்றேன்"னு வாக்குக் கொடுக்கறவங்கதான் ராத்திரி பத்து மணிக்கும் போன்ல திட்டு வாங்குவாங்க. வெளியூர் வண்டிங்க ஊட்டி, கொடைக்கானல் வர்றதுக்கு வாங்கற இ-பாஸுக்கும் தலைவரைத்தான் பிடிப்பாங்க. அது 2024 மே 7ல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி மாவட்ட நிர்வாகம் பார்க்கறது.

சாரல்:
முக்கால்வாசி அவசரம் மழையில வரும். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவம், அதனால மே மாசத்துக்குள்ள கால்வாய் தூர்வாரணும். குன்னூருக்கு அக்டோபர், நவம்பர்தான் ஆபத்து, செப்டம்பர்லயே முடிக்கணும். தடுப்புச்சுவர் கட்டினா தண்ணி வடியற ஓட்டை இருக்கா, அதுக்குப் பின்னாடி ஜல்லி போட்டிருக்காங்களான்னு நேர்ல போய்ப் பார்க்கணும். ஓட்டை இல்லேன்னாலும், ஜல்லி இல்லாம மண்ணு அடைச்சாலும், தேங்கற தண்ணி சுவரையே தள்ளிடும். பில் பாஸான பிறகு பார்த்து என்ன பிரயோஜனம்?

மேட்டுத்தெரு:
வீட்டு விஷயத்துக்கு: ஆபீஸ் நம்பர் தனி, வீட்டு நம்பர் தனி. புகார் எதுவானாலும் வார்டு, தெரு, தேதி போட்டு நோட்டுல ஏத்தி, அந்தந்தப் பிரிவுக்கு அனுப்பணும். பெண் தலைவர்னா இன்னொண்ணு, வீட்டுக்காரர் அந்த நாற்காலிப் பக்கமே வரக்கூடாது. அவர் ஒரு தடவை கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசினாப் போதும், அப்புறம் எல்லாரும் அவரைத்தான் தேடுவாங்க.