துணிக்கடையில் வேலை பார்த்தால் உட்காரவே கூடாதா?

கேள்வி: தி.நகரில் ஒரு துணிக்கடை, புடவை செக்‌ஷனில் வேலை. காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்கிறேன், கஸ்டமர் இல்லாதபோது கவுண்டரில் லேசாகச் சாய்ந்தாலே கேமராவில் பார்த்துவிட்டு போன் வருகிறது. கால் வீங்கிவிட்டது. யாரிடம் சொல்ல?

பதில் 1: சட்டமே இருக்கிறதும்மா. கேரளா 2018ல் கொண்டுவந்தது, தமிழ்நாடு 2021ல் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை கட்டாயம்.

பதில் 2: எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. இப்போது அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். கொடுமை.

பதில் 3: தனியாகப் போகாதீர்கள் அக்கா, குறிவைத்து வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுங்கள், அப்புறம் நகலில் மறக்காமல் சீல் வாங்குங்கள்.