கோல்ஃப்: அசையாத பந்தை அடிக்கிறதில என்ன கஷ்டம்?

ஒற்றைப்பனை (கேள்வி)

எங்கட வாசிகசாலையில ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கிடக்கு. கோல்ஃப் லேசான விளையாட்டு எண்டு ஒரு பக்கம். பந்து அசையாது, எதிராளி வந்து மறிக்கமாட்டார், நெஞ்சுக்கு எறியிற வேகப்பந்து இல்லை, யோசிக்க வேணுமெண்ட அளவு நேரம். மற்றப் பக்கம், உடம்பை விட மூளைக்குத்தான் உது சோதனை எண்டுது. கரம் போர்டிலயும் காய் அசையாமல்தானே கிடக்கு, எல்லாரும் பொக்கற்றுக்குள்ள போடினமோ எண்டு அவையள் கேக்கினம்.

விளையாட்டுத் தெரிஞ்ச ஆக்கள் கணக்கோட சொல்லுங்கோ. கனடாவில இருந்து பாவிச்ச செட் ஒண்டு வரப்போகுது. வீட்டுக்குக் கிட்ட கோல்ஃப் மைதானம் இல்லாத ஒருத்தர் எதில தொடங்கலாம் எண்டதையும் சொன்னா நல்லம்.

சோளகம்

விதி லேசு, அளவுதான் கொடுமை. பந்து கிடக்கும் இடத்திலிருந்து அடிக்க வேண்டும், குழிக்குள் விழும்வரை அடிகளை எண்ண வேண்டும், குறைவாக எடுத்தவர் வெல்வார். சாரம் அவ்வளவுதான். ஆனால் குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீற்றர்.

3 மீற்றர் தூரத்தில் நின்று உருட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பந்து 1 பாகை விலகிப் புறப்பட்டால், குழியை அடையும்போது 5.2 சென்ரிமீற்றர் விலகியிருக்கும். குழியின் ஆரை 5.4 சென்ரிமீற்றர். மெதுவாக வந்தால் விளிம்பில் தொங்கி விழலாம், வேகமாக வந்தால் சுற்றிக்கொண்டு வெளியே போகும். 2 பாகை என்றால் நினைக்கவே தேவையில்லை. சமதரைக்கே இந்தக் கணக்கு. சரிவு இருந்தால் வேகமும் திசையும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். உலகின் முதல்தரத் தொழில்முறை வீரர்களே 2.4 மீற்றரிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். ஆகக் கூடிய தூரத்துக்கு அடிக்கும் மட்டையான ட்ரைவரில் 3 பாகை விலகினால் 200 மீற்றரில் 10 மீற்றருக்கு மேல் போய்விடும். பந்து சுழன்று வளைவது அதற்கு மேல் தனி.

இனி நேரம். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் துடுப்பாட்டப் பந்துக்கு அரை வினாடிகூடக் கிடைக்காது. பயப்படவும் நேரமில்லை, பழகிய உடம்பு தானே முடிவெடுக்கும். கோல்ஃபில் 18 குழி கொண்ட ஒரு சுற்று 4 மணித்தியாலம். ஒரு வீச்சுக்கு 2 வினாடி என்று வைத்து 90 அடி அடித்தாலும், உண்மையில் மட்டை அசைந்தது 3 நிமிடம். மிச்சம் முழுக்க நடையும் நினைப்பும். அசைவைத் தொடக்கி வைப்பவரும் நீங்களே. நன்றாகப் பழகிய ஓர் அசைவை இடையில் நின்று "முழங்கை சரியா?" என்று விசாரித்தால் அது குழம்பும். லேசு என்று உங்கள் ஆட்கள் சொல்லும் "வேணுமெண்ட அளவு நேரம்" தான் உபத்திரவமே.

அதற்காகத்தான் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரே ஒழுங்கு வைத்திருப்பார்கள். பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பது. அந்தக் கோட்டில், பந்துக்கு ஒரு மீற்றர் முன்னால் ஒரு புல்லையோ காய்ந்த இலையையோ குறித்துக்கொள்வது. ஒரு ஒத்திகை வீச்சு. முதலில் மட்டைமுகத்தை அந்தக் குறிக்கு நேராக வைத்து, பிறகு கால்களை வைப்பது. இலக்கை ஒரு தரம் பார்த்துவிட்டு உடனே அடிப்பது. கால்களை முதலில் வைத்தால் முகம் எங்கோ பார்க்கும். விதிப்புத்தகமும் ஓர் அடிக்கு 40 வினாடிக்குள் முடிக்கச் சொல்கிறது.

கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள கட்டைப்புல் தரையில், ஒன்று கூட. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் ஆராய்ந்து சொன்ன விஷயம்: திறமையானவர்களின் பார்வை பந்தில் 2, 3 வினாடி அசையாமல் நிற்கும், அடித்த பிறகும் ஒரு கணம் அந்த இடத்திலேயே தங்கும். தொடங்குகிறவரின் கண் பந்துக்கும் குழிக்கும் இடையே அலையும்.

நெல்லியடியான்

சோளகம் அண்ணை சொன்னதில பிழையில்லை, ஆனா அது வேறை ஆளுக்குரிய மருந்து. ஒரு சுற்றுக்கு 120 அடி அடிக்கிறவருக்கு மனம் ஒரு பிரச்சினையே இல்லை. அவற்றை மட்டை பந்தில ஒழுங்காப் படேல்லை. அவ்வளவுதான்.

முதல் பிழை, அயன் மட்டையால (இரும்பு மட்டை, இலக்கம் கூடக் கூட முகம் கூடச் சரியும்) பந்தைத் தூக்க வெளிக்கிடுறது. 7 ஆம் அயன்ர முகம் கிட்டத்தட்ட 30 பாகை சரிஞ்சே செய்யப்பட்டிருக்கு. தூக்கிற வேலையை அது பாக்கும். தூக்க நினைச்சா பாரம் பின்கால்ல தங்கும், மட்டை போய்வாற வளைவின்ர ஆகத் தாழ்ந்த இடம் பந்துக்குப் பின்னால விழும். ஒண்டில் முதல்ல மண்ணை வெட்டும், பந்து 20 மீற்றர் போய் நிக்கும். இல்லாட்டி மட்டை மேலெழும்பேக்க பந்தின்ர நடுவில பட்டு தரையோட உருட்டிவிடும். பாக்கிறதுக்கு ரெண்டு பிழை, காரணம் ஒண்டு. அயனில பந்து முதல், தரை பிறகு. ட்ரைவர் மட்டும் மாறி: பந்தை உயர்த்தி, முன்குதிக்கு நேரா வைச்சு, மட்டை எழும்பத் தொடங்கேக்க அடிக்கிறது.

மணற்குழியும் மாறித்தான். அதில பந்தையே தொடக்கூடாது. சாண்ட் வெட்ஜ் எண்ட, இன்னும் கூடச் சரிஞ்ச மட்டையின்ர முகத்தை நல்லாத் திறந்து, பந்துக்கு ஒரு 5 சென்ரிமீற்றர் பின்னால மணலை அடிச்சு, வீச்சை நிப்பாட்டாமல் முடிக்கவேணும். மணல்தான் பந்தை வெளியில கொண்டுபோகும். அடிக்க முதல் மட்டையால மணலைத் தொட்டுப் பாத்தா தண்டம் வரும், கவனம்.

உதெல்லாம் மனப்பயிற்சியால வராது.

ஒற்றைப்பனை

நல்ல விளக்கம். நான் மென்பந்துத் துடுப்பாட்டம் விளையாடுற ஆள். அந்தக் கை உதவுமோ, கெடுக்குமோ?

நெல்லியடியான்

ரெண்டும். பந்தைக் கண்ணால பிடிக்கிறதும் இடுப்பைத் திருப்பி அடிக்கிறதும் உதவும். கெடுக்கிறது நேர்மட்டைப் பழக்கம். நேரா ட்ரைவ் ஆடுறமாதிரி முன் முழங்கை மேல போகும், மட்டைமுகம் திறந்தபடியே பந்துக்கு வரும். கோல்ஃபில பந்து புறப்படுற திசையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது முகம். வளையிறதைத் தீர்மானிக்கிறது, மட்டை வாற பாதைக்கும் முகத்துக்கும் இடையில இருக்கிற வித்தியாசம். பாதைக்கு முகம் திறந்திருந்தா வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைஞ்சு ஓடும். உடன எல்லாரும் செய்யிறது, இன்னும் இடப்பக்கம் திரும்பி நிக்கிறது. அப்ப பாதையும் இடப்பக்கம் போகும், வித்தியாசம் கூடும், வளைவும் கூடும்.

முதல்ல பிடியைப் பாருங்கோ. இடக்கையால மட்டையைப் பிடிச்சபடி குனிஞ்சு பாத்தா ரெண்டு, மூண்டு விரல்மொளி தெரியவேணும். ஒண்டு தெரிஞ்சா கையை வலப்பக்கம் உருட்டுங்கோ. மட்டையை உள்ளங்கைக்குள்ள அமத்தாமல் விரலடியில பிடியுங்கோ. மற்றது, தலையைப் பந்துக்கு மேல கொண்டு போகாதேங்கோ. துடுப்பாட்டத்தில அது சரி, இதில இல்லை.

கரையோரம்

இரண்டு பேரும் விட்டது ஒன்று: எந்த அடியை அடிப்பது என்ற முடிவு. அது கையுமில்லை, பதற்றமுமில்லை. கணக்கு.

330 மீற்றர் நீளமான பார் 4 குழி, அதாவது 4 அடியில் முடிக்கலாம் என்று கணக்கிட்ட குழி. 7 ஆம் அயனில் 130, திரும்ப 130, வெட்ஜால் 70, கிரீனில் 2 உருட்டல். 5 அடி. 18 குழியிலும் இப்படி ஒன்று கூட எடுத்தால் பார் 72 மைதானத்தில் 90. கோல்ஃப் விளையாடுகிற கனபேர் 90-ஐக் காணாமலே விளையாடுகிறார்கள். காரணம், எல்லா இடத்திலும் ட்ரைவரை இழுப்பது. பந்து எல்லைக்கு வெளியே போனால் ஒரு அடி தண்டம், அதோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அடுத்தது 3 ஆவது அடி. தொலைந்த பந்துக்கும் அதே தண்டம்தான். தேட 3 நிமிடம் மட்டும், 2019-க்கு முன் 5 நிமிடம் இருந்தது. சந்தேகம் என்றால் நடக்கத் தொடங்கமுன் தற்காலிகப் பந்து ஒன்றை, சொல்லிவிட்டு, அடித்து வையுங்கள்.

முடிவு பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1999 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி, ஸ்கொட்லாந்தின் கார்னூஸ்டி மைதானம். கடைசிக் குழிக்கு வரும்போது ஜான் வான் டி வெல்ட் 3 அடி முன்னணி. பார் 4-இல் 6 எடுத்தாலும் கிண்ணம் அவருக்கு. ட்ரைவர் எடுத்தார், பந்து வலப்பக்கம் போனது, ஆனாலும் தப்பியது. அப்போது வெட்ஜால் ஃபெயார்வேக்கு (புல் வெட்டிய நடுப்பாதைக்கு) ஒரு சின்ன அடி போதும். 2 ஆம் அயனால் கிரீனுக்கே அடித்தார். பந்து பார்வையாளர் அரங்கில் பட்டுத் திரும்பி ஆழப்புல்லில் விழுந்தது, அடுத்தது ஓடைக்குள், தண்டத்துக்குப் பிறகு மணற்குழிக்குள். மொத்தம் 7. மேலதிகச் சுற்றில் போல் லாரி வென்றார். அன்று அவருடைய வீச்சில் பெரிய கோளாறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. 2 ஆம் அயனை எடுத்ததுதான் கோளாறு.

1996 மாஸ்டர்ஸ் போட்டியில் கிரெக் நோர்மன் 6 அடி முன்னணியோடு கடைசி நாளைத் தொடங்கி 78 அடித்து, 67 அடித்த நிக் ஃபால்டோவிடம் 5 அடியால் தோற்றது வேறு ரகம். அது நாள் முழுக்கக் கசிந்தது. அதைச் சோளகத்தின் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

நெல்லியடியான்

130 மீற்றர் ரெண்டு தரம் நேரா அடிக்கத் தெரிஞ்சவருக்குத்தான் உங்கட கணக்கு சரிவரும். திரும்பவும் என்ர இடத்துக்கே வாறியள்.

கரையோரம்

தெரியாதவர் 100 மீற்றர் மூன்று தரம் அடிக்கட்டும். 6. அதுவும் 108 தான், 120 இல்லை.

மணற்காட்டான்

சண்டையை வாசிகசாலைக்கு விடுங்கோ. கேட்டவருக்குப் பழகிற வழி.

முழுச் செட்டின்ர 14 மட்டையும் வேண்டாம். 7 ஆம் அயன், 9 ஆம் அயன், சாண்ட் வெட்ஜ், பட்டர் (உருட்டிற மட்டை) காணும். பாவிச்ச செட் வந்தா முதல்ல ரப்பர் பிடியைப் பாருங்கோ. காய்ஞ்சு வழுக்கினா கை தானா இறுக்கிப் பிடிக்கும், முழு வீச்சும் கெட்டுப்போகும். எங்கட வெயிலில வெளியில வைச்சாக் கெதியாக் காயும்.

உருட்டப் பழக வீடே போதும். சீமெந்து நிலம் வலு வேகம், ஒரு கம்பளத்தை விரியுங்கோ. 1.5 மீற்றரில ஒரு குறி. பந்துக்கு அரை மீற்றர் முன்னால ரெண்டு நாணயத்தை, பந்து மட்டுமட்டாப் போற இடைவெளி விட்டு வையுங்கோ. நாணயத்தில முட்டினா முகம் திரும்பியிருக்கு எண்டு உடன தெரியும்.

அயனுக்குக் கடற்கரை. கசூரினாவிலயோ மணற்காட்டிலயோ ஈரமணல்ல ஒரு கோடு கீறி, பந்தில்லாமல் வீசுங்கோ. மணல் வெட்டுப்பட்ட தடம் கோட்டுக்கு முன்னால, இலக்குப் பக்கமாத் தொடங்கவேணும். கோட்டுக்குப் பின்னால தொடங்கினா நெல்லியடியான் சொன்ன பிழைதான். செம்மண் தரை காய்ஞ்சு கிடக்கேக்கயோ, கல்லுத்தரையிலயோ இதைச் செய்யாதேங்கோ. மணிக்கட்டுப் போகும்.

முற்றவெளி, பள்ளிக்கூட மைதானம் எண்டு போய் ட்ரைவரை எடுக்கவேண்டாம். சாதாரண ஆள் அடிக்கிற பந்தே மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில போகும், எங்க போகுமெண்டு அடிச்சவருக்கே தெரியாது. ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பந்து பாவியுங்கோ.

சோளகக் காலத்தில காத்துக்கு எதிரா அடிக்கிறதெண்டா பலத்தைக் கூட்டக்கூடாது. பலமா அடிச்சா பின்சுழல் கூடி பந்து மேல எழும்பி அப்பிடியே நிண்டு விழும். 7-க்குப் பதிலா 5 ஆம் அயனை எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழ பிடிச்சு, முக்கால் வீச்சு.

பிறகு ஒரு நாள் உண்மையான மைதானம் பாக்கவேணுமெண்டா திருகோணமலை சீனக்குடாவில விமானப்படையின்ர மைதானம் இருக்கு. நுவரெலியா, திகனை, கொழும்பிலயும் இருக்கு. வெளியாக்களுக்கு எந்த நாள், மட்டை வாடகைக்குக் கிடைக்குமோ, கேடி (மட்டைப்பை தூக்கிறவர்) வருவாரோ எண்டு முதல்லயே கேளுங்கோ. கொலர் வைச்ச சேட்டோட போங்கோ. ரீசேட், செருப்பெண்டா கனக்க இடத்தில உள்ளுக்கு விடமாட்டினம்.