கொடியின் நிறங்களுக்கு மத அர்த்தம் உண்டா?

மதுரைக்காரி:
என் பெண் ஆறாம் வகுப்பு. தேசியக் கொடி பற்றிய கட்டுரையில் காவி தியாகம், வெள்ளை அமைதி, பச்சை செழிப்பு என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த என் மாமனார், "காவி இந்து, பச்சை முஸ்லிம், வெள்ளை மற்றவங்க, எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்" என்கிறார். எது சரி? அப்புறம், பழைய கொடியின் நடுவில் இருந்த ராட்டை ஏன் சக்கரமானது?

பழைய பேப்பர்:
மாமனாரின் அப்பா சொன்னதும் பொய்யில்லை, ஆனால் அது பழைய கொடிக்கு. 1921-இல் விஜயவாடாவில் பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் காட்டிய கொடியில் சிவப்பும் பச்சையும்தான், இந்துவுக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று. மற்ற மதத்தாருக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. காவியே கிடையாது அதில். மதத்துக்கு ஒரு நிறம் என்று ஆரம்பித்தால் எங்கள் நிறம் எங்கே என்று கேட்கத்தானே செய்வார்கள், சீக்கியர்கள் கேட்டார்கள். 1931-இல் ஏழு பேர் குழு போட்டார்கள், அது முழுக் காவிக் கொடியைப் பரிந்துரைத்தது, எடுபடவில்லை. கடைசியில் அதே ஆண்டு காவி, வெள்ளை, பச்சை என்று முடிவாகி, இந்த நிறங்களுக்கு மத அர்த்தம் இல்லை என்று காங்கிரஸ் தீர்மானத்திலேயே எழுதிவிட்டார்கள். காவி துணிவு, தியாகம். வெள்ளை அமைதி, உண்மை. பச்சைக்கு அன்று சொன்னது செழிப்பு இல்லை, நம்பிக்கையும் வீரமும். மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு என்று 1947-இல் விளக்கம் கொடுத்தவர் ராதாகிருஷ்ணன், பாடப்புத்தகச் செழிப்புக்கு அதுதான் பக்கம்.

நூல்கண்டு:
ராட்டைக்கு நான் சொல்கிறேன். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேருவே காரணம் சொன்னார். கொடிக்கு இரண்டு பக்கம் உண்டு, ராட்டையில் ஒரு முனையில் சக்கரம், மறுமுனையில் நூல் சுற்றும் கதிர், பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும். சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் சாரநாத் அசோகர் தூணில் உள்ள சக்கரத்தை எடுத்துக்கொண்டார்கள், 24 ஆரங்கள். ராட்டை போனதில் காந்திக்கு வருத்தம்தான்.

திருப்பூர்வாசி:
இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் குமரன் அடிபட்டு இறந்தது 1932 ஜனவரியில், அன்றைக்கு அது ராட்டைக் கொடி. மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளைகளைக் குமரனாக்கி அனுப்பும்போது மட்டும் கையில் சக்கரக் கொடி! சென்னை பக்கம் போனால் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பெண்ணைக் கூட்டிப்போங்கள், 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள்.

மதுரைக்காரி:
ரொம்ப நன்றி. மாமனாரிடம் படித்துக் காட்டினேன், "அப்ப எங்கப்பா சொன்னது சரிதானே" என்கிறார். கட்டுரையில் 1931-ஐச் சேர்க்க இடம் இல்லையாம், ஒரு பக்கம்தான் எழுத வேண்டுமாம்.