புதுப்பிப்பு: மெராந்தி மரக் கதவு இறக்குமதி, சுங்க எண் 4418.20 குழப்பம் தீர்ந்தது

மலேசியாவிலிருந்து தூத்துக்குடிக்கு வரவேண்டிய மெராந்தி கதவுகளுக்கு விற்பவர் 4418.20 என்ற எச்எஸ் எண்ணை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) பில்லில் போட்டிருக்கிறார், இங்கே இந்தியச் சுங்கப் பட்டியலில் அந்த எண்ணே காணோமே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எச்எஸ் பட்டியலின் 2022 திருத்தத்தைப் பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. பழைய எண் இரண்டாகப் பிரிந்துவிட்டது: வெப்பமண்டல மரக் கதவு 4418.21, மற்ற மரக் கதவுகள் 4418.29. மெராந்தி முதலாவதில் வரும். சரக்கு ஏறுவதற்குள் பில்லை மாற்றி வாங்கிவிட்டேன்.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. விற்பவர் அனுப்பிய படத்தில், கதவுகளுக்கு அடியில் இருந்த மரப் பேலட்டுகளில் (சரக்கை அடுக்கும் தட்டுகள்) ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இல்லை! மரப் பேக்கிங் வழியாகப் பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்ட, 'எச்டி' (வெப்பத்தால் பதப்படுத்தியது) முத்திரை உள்ள பேலட்டுகளுக்கு மாற்றச் சொன்னேன். சரக்கு நேற்று வந்து சேர்ந்தது.