இஸ்ரேல்–பலஸ்தீன ஆவணப்படம்: எங்கள் மாடியில் எதைப் போடுவது?

வயலின் டீச்சர், திருகோணமலை:

வணக்கம். உட்துறைமுக வீதிப் பக்கம் வீட்டு மாடியில் இருபது வருடமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதே மாடியில் படம் போடுவோம். முப்பது பிளாஸ்டிக் கதிரை, இரவல் மல்ரிமீடியா, திரைக்கு என் பழைய வெள்ளைச் சேலை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் வருவார்கள். பாதிப்பேர் பிளேன்டீக்கும் வடைக்கும் வருகிறவர்கள் என்பதும் தெரியும்.

அடுத்த மாதம் 'நாலெட்ஜ் இஸ் த பிகினிங்' போடலாம் என்று நினைத்தேன். டானியல் பாரன்போயிமும் எட்வர்ட் சயித்தும் உருவாக்கிய இசைக்குழுவைப் பற்றிய ஆவணப்படம். ஒருவர் இஸ்ரேலில் வளர்ந்த பியானோக் கலைஞர். மற்றவர் ஜெருசலேமில் பிறந்த பலஸ்தீனச் சிந்தனையாளர். 1999இல் ஜெர்மனியின் வைமார் நகரத்தில் இஸ்ரேலிய இளைஞர்களையும் அரபு நாட்டு இளைஞர்களையும் ஒரே குழுவாக உட்கார வைத்தார்கள். அங்கே தொடங்கிய கதை 2005இல் பலஸ்தீனப் பகுதியான மேற்குக்கரையின் ரமல்லா நகரத்தில் நடந்த கச்சேரி வரை போகிறது.

என் கண் போனது மேடைக்கு அல்ல, தாள் வைக்கும் ஸ்டாண்டுக்கு. மேற்கத்திய ஒர்க்கெஸ்ட்ராவில் இரண்டு வயலினுக்கு ஒரு ஸ்டாண்ட். பக்கம் முடிகிற நேரம் உள்பக்கம் இருப்பவர் வில்லை எடுத்துவிட்டுத் தாளைப் புரட்டுவார், மற்றவர் விடாமல் வாசிப்பார். அந்த ஒன்றிரண்டு விநாடி இருவருக்கும் சேர்த்து ஒருவர் வாசிக்கிறார். நம் கச்சேரியில் தாளே கிடையாது, எல்லாம் மனப்பாடம். அதனால் என் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஆசை.

கிண்ணியாவிலிருந்து வழக்கமாக வருகிற நானா (முஸ்லிம் அண்ணர்) ஒருவரிடம் சொன்னேன். "டீச்சர், காஸா இப்படிக் கிடக்கும்போது வயலின் வாசித்துக் காட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார். இரண்டு நாளாக அது நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறது. போடலாமா, வேறு படம் பார்க்கவா?

கங்கைக்கரையான்:

டீச்சர், அந்த நானா நான் இல்லை. ஆனால் நானும் கிண்ணியாதான், நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். 'சேர்ந்து வாழ்தல்' என்ற சொல்லை யார் சொல்கிறார் என்று பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் காது கொடுப்பார்கள்.

இருந்தாலும் படத்தைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ரமல்லாப் பகுதியை வடிவாகக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் அங்கே போவதற்கு ஸ்பெயின் அரசாங்கம் இராஜதந்திரக் கடவுச்சீட்டு கொடுக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலியப் பிள்ளைகள் ஒரு வழியால் வந்தார்கள், அரபுப் பிள்ளைகள் இன்னொரு வழியால் வந்தார்கள். நீங்கள் சொன்ன ஸ்டாண்ட் ஒன்றுதான், பாதை இரண்டு. அதை விட்டுவிட்டு அங்கே வாசித்த பேத்தோவன் இசையை மட்டும் காட்டினால் நானாவின் கேள்வி சரி. அதையும் காட்டினால் அந்தக் கேள்வி படத்துக்குள்ளேயே இருக்கிறது. பாரன்போயிமே இது சமாதானத் திட்டம் இல்லை, அறியாமைக்கு எதிரான திட்டம் என்றுதான் சொல்லி வந்தார்.

இன்னொரு விஷயம். வைமாரில் ஒரு அரபுப் பையன், அரபு இசையை அரபிகள்தான் வாசிக்க முடியும் என்று பிடிவாதமாக நின்றானாம். பத்து நாள் கழித்துப் பார்த்தால், செலோக் கலைஞர் யோ-யோ மாவுக்கு அரபு இசையின் சுரவரிசைக்குச் சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவனும் அவன்தானாம். சயித் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் கம்பு தட்டி ஆடுகிற பொல்லடியைப் பார்த்து "இது கோலாட்டம்தானே" என்று யாராவது கேட்டால் என் மூத்தாப்பாவுக்கு வருகிற கோபம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

திருமலை ரசிகன்:

இங்கே இருக்கிற பிரச்சினை போதாதா? நல்ல வடிவேலு படமாகப் போடுங்கள். வடைக்கும் பொருந்தும்.

சம்பூர்ப் பெட்டை:

டீச்சர், 'நோ அதர் லேண்ட்' போடுங்கள். 2025இல் ஒஸ்கார் வாங்கிய ஆவணப்படம். இரண்டு பலஸ்தீனர், இரண்டு இஸ்ரேலியர், நான்கு பேரும் சேர்ந்து இயக்கியது. மேற்குக்கரையில் ஹெப்ரோன் நகரத்துக்குத் தெற்கே மசாஃபர் யத்தா என்ற மலைக் கிராமங்களை இஸ்ரேலிய இராணுவத்தின் சுடுபயிற்சி வலயம் என்று அறிவித்து வீடுகளை இடிக்கிறார்கள். இயக்கியவர்களில் பாஸல் அந்த ஊர்க்காரன், யுவால் இஸ்ரேலியப் பத்திரிகையாளன். இருவரும் இரவில் இருந்து கதைக்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் யுவாலின் காரில் இஸ்ரேலியருக்குரிய மஞ்சள் இலக்கத்தகடு, அவன் நினைத்த நேரம் வீட்டுக்குப் போகலாம். பலஸ்தீனருக்குரிய பச்சைத் தகட்டுக்காரன் பாஸல் அந்த மேற்குக்கரையை விட்டு நகர முடியாது. யுவாலின் அவசரத்தைப் பார்த்து பாஸல் பகிடி பண்ணுகிற இடமும் இருக்கிறது. சிநேகிதம் இருந்தும் இருவருக்கும் சட்டம் ஒன்றில்லை. இதைவிட நேராக யாரும் சொல்ல முடியாது.

படத்தில் ஒரு கிணற்றுக்குள் கொங்கிரீட் ஊற்றுவார்கள். நாங்கள் 2006இல் சம்பூரை விட்டு ஓடினோம். ஊர் உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்டது. நான் படித்து வளர்ந்தது கிளிவெட்டி முகாமில், தகரத்துக்குக் கீழே. பத்து வருடம் கழித்துத் திரும்பிப் போனால் வீடு இருந்த இடமே தெரியவில்லை, எல்லாம் பற்றை. கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடி வைத்து எண்ணித்தான் அம்மா குசினி இருந்த இடத்தைக் காட்டினார். அந்தக் கிணற்றுக் காட்சி வந்ததும் அம்மா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். நானும் படத்தை நிறுத்திவிட்டேன், மிச்சத்தை அடுத்த நாள்தான் பார்த்தேன்.

அளவையியல் வாத்தியார் (ஓய்வு):

டீச்சர் தங்கச்சி, உயர்தரத்துக்கு அளவையியல் படிப்பித்தவன் என்பதால் தத்துவத்தை இழுக்காமல் இருக்க மாட்டேன். யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் 1923இல் எழுதிய புத்தகத்தில், ஒரு ஆளை 'நீ' என்று எதிர்கொள்வது வேறு, 'அது' என்று கையாள்வது வேறு என்றார். ஹிட்லரின் நாஜிகளுக்குத் தப்பி 1938இல் ஜெருசலேம் போனவர். அங்கேயும் இரு மக்களுக்கும் சம உரிமையுள்ள ஒரே நாடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய ஆட்களிலேயே கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான்.

சரி, அதை விடுங்கள். நானா போனை வைத்த பிறகு நீங்கள் திரும்ப எடுத்தீர்களா? இங்கே முன்பின் தெரியாத எங்களிடம் கேட்கிறீர்கள், அவரிடம் கேட்கவில்லையே.

வயலின் டீச்சர், திருகோணமலை:

எடுக்கவில்லை சேர். நீங்கள் எழுதிய பிறகுதான் எடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. நானா மறைந்த தன் தம்பியைப் பற்றி அரைமணி நேரம் கதைத்தார், அதை இங்கே எழுதவில்லை. படத்துக்கு வருவாராம். பேச்சுக்கு மட்டும் கூப்பிட வேண்டாமாம்.

முடிவு இதுதான்: முதலில் ரமல்லாப் பகுதி மட்டும், இரண்டு பாதையால் வருகிறதையும் சேர்த்து. பிறகு 'நோ அதர் லேண்ட்' முழுதாக. தமிழில் வசனத்தை நான் வாசிப்பேன், சிங்களத்துக்கு என் பழைய மாணவன் ஒருவன் பின்வரிசையில் இருந்து சொல்வான். கிணற்றுக் காட்சி வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன் மகள், அம்மாவையும் கூட்டி வா. வெளியே மொட்டைமாடியில் கதிரை போட்டு வைக்கிறேன்.

ஆறு மணிக்கு என்றிருந்ததை இரண்டரைக்கு மாற்றிவிட்டேன். ஆறுக்குத் தொடங்கினால் மூதூர், சம்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். வெயிலில் சேலையில் படம் தெரியாது என்று ரசிகன் தம்பி சொல்லப் போகிறார். கறுப்புத் துணி வாங்கியாச்சு. வடையும் உண்டு.