மறுமொழி: ‘பிளேடெஸ்ட்’ – வெள்ளோட்டமா, ஆடுசோதனையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கேள்வியை எழுப்பிய தம்பிக்கு நன்றி. அதற்குள் பல மடல்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலில் எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில், புது விதிகளை அச்சிடும் முன் ரசிகர்களிடம் கொடுத்து ஆடச் சொல்கிறார்கள். அதற்கு இணையத்தில் வரும் எதிர்வினைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ‘பிளேடெஸ்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன போடலாம்?

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். பாத்திரம் ஒரு காரியத்தில் இறங்கினால் அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். விதிப்புத்தகம் என்பது அந்தப் பகடைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவற்றில் மூத்தது, 1974-இல் வந்தது. ‘பாத்ஃபைண்டர்’ அதன் வழியில் 2009-இல் பிறந்தது. தம்பியின் கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

> வெள்ளோட்டம் என்று அருமையான சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

ஐயா, அந்தச் சொல் எனக்கும் பிடிக்கும். மென்பொருளுக்கு அதைத் தாராளமாகப் போடலாம். ஆனால் தேர் வெள்ளோட்டத்தில் என்ன பார்க்கிறார்கள்? அச்சு தாங்குகிறதா, முனை திரும்பும்போது சாய்கிறதா, வடம் போதுமா. தேர் செய்து முடித்தாயிற்று. சக்கரம் நாலா ஆறா என்று அன்றைக்கு யாரும் வடம் பிடித்தவர்களைக் கேட்பதில்லை. பிளேடெஸ்டில் கேட்பதே அதைத்தான். கொடுப்பது அரைகுறை வரைவு, அதில் பாதி போய்விடும் என்று கொடுப்பவர்களுக்கே தெரியும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு ரசிகர்களை இரண்டாகப் பிளந்திருந்தது. அதனால் அதை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அடுத்த பதிப்பைத் திறந்த வெளியில் சமைக்க முடிவு செய்தது. 2012 மே மாதம் முதல் விதிப்பொதி, அதாவது ஆடிப்பார்க்கத் தரும் வரைவு விதிகளின் தொகுப்பு, வந்தது. 2013 செப்டம்பர் வரை பொதிக்கு மேல் பொதி. சில விதிகள் தாக்குப்பிடித்தன. இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்ற சாதக விதி முதல் பொதியிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு பகடையின் சராசரி 10.5, இரண்டில் உயர்ந்ததை எடுத்தால் 13.8. பதினொன்றோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றால் வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 75 ஆகிறது. போர்வீரனுக்கென்று வந்த தனிப் பகடைகளோ உருமாறி, கடைசியில் அந்த வகுப்பின் (போர்வீரன், மந்திரவாதி என்று பாத்திரத்தின் தொழிலைச் சொல்வது வகுப்பு) ஓர் உட்பிரிவுக்குள் போய் ஒதுங்கின. இதையெல்லாம் வெள்ளோட்டம் என்றால் தேர் கட்டுகிறவர் சண்டைக்கு வருவார்.

‘ஒத்திகை’ என்று எழுதிய நண்பருக்கு: ஒத்திகையில் ஆடுகிறவர்கள் நாடகத்தை மாற்றுவதில்லை, தங்களைத்தான் திருத்திக்கொள்கிறார்கள். ‘முன்னோட்டம்’ சினிமாவுக்குப் போய்விட்டது, இனி திரும்பி வராது.

> ஆடுசோதனை என்று ஒருவர் சொன்னார். ஆட்டைப் பிடித்து எதற்கய்யா சோதிக்கிறீர்கள்? கால்நடை மருத்துவக் கலைச்சொல் போல இருக்கிறது.

நானும் சிரித்தேன். ஆனால் இலக்கணம் இங்கே நம் பக்கம் நிற்கிறது. கால்நடையைச் சோதித்தால் அது ‘ஆட்டுச் சோதனை’. ஆட்டுப்பால், ஆட்டுக்கறி போல டகரம் இரட்டிக்கும், வல்லினமும் மிகும். ‘ஆடுசோதனை’ வினைத்தொகை. ஆடுகளம், சுடுசோறு மாதிரி இடையில் ஒற்று வராது. ஆடுகளம் என்றதும் யாருக்கும் மந்தை நினைவுக்கு வருவதில்லை. நாலு கட்டுரையில் பழகிவிட்டால் இதுவும் சரியாகிவிடும்.

நான் ஆடுசோதனைக்கே கை தூக்குவதற்கு வேறு காரணம் உண்டு. ‘ஆடு’ என்ற வினை சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் இணையத்தில் நடக்கும் சண்டையில் பாதி, ஆடாமல் சொல்லும் கருத்தால் வருவது.

2022 ஆகஸ்ட் 18 அன்று ‘ஒன் டி அண்ட் டி’ (டி அண்ட் டி என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் சுருக்கம்) என்ற பெயரில் அடுத்த சோதனைச் சுற்று தொடங்கியது. முதல் பொதியில் ஒரு விதி: இருபது விழுந்தால் கிடைக்கும் இரட்டைச் சேதம் இனி ஆட்டக்காரர்களின் பாத்திரங்களுக்கு மட்டும், அரக்கர்களுக்குக் கிடையாது. அன்றைக்கே காணொளிகள், நீள நீளப் பதிவுகள், ‘ஆட்டத்தில் பயமே போய்விட்டது’ என்ற புலம்பல். இன்னொரு பக்கம், இப்போதுதான் ஆட்டத்தில் நுழைந்த, அதாவது அனுபவத்தில் முதல் நிலையில் இருக்கும் நோஞ்சான் மந்திரவாதி எலி கடித்துச் சாகாமல் இருப்பான் என்று சிலர் மகிழ்ந்தார்கள். நிறுவனம் கருத்துப் படிவத்தைத் திறந்தது செப்டம்பர் 1-இல். ஆடிவிட்டு வந்து சொல்லுங்கள் என்றுதான் இரண்டு வாரம் கொடுத்தார்கள். இணையத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்தது. செப்டம்பர் கடைசியில் வந்த அடுத்த பொதியில் பழைய விதியே திரும்பியிருந்தது. அதையும் ‘பார்த்தீர்களா, பணிந்துவிட்டார்கள்’ என்று கொண்டாடினார்கள். ஒரு விதியைப் போட்டுப் பார்ப்பதும் எடுத்துப் பார்ப்பதும்தான் சோதனை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சொல்லே ‘சோதனை’ என்றுதான் இருக்கிறது, ஆனாலும் எல்லோரும் அதை அறிவிப்பாகவே படிக்கிறார்கள்.

அதனால் இந்தச் சொல்லோடு இன்னொரு சொல்லும் வேண்டும். மேசைக்கு வராமல், தாளில் கணக்குப் போட்டே ஒரு விதி வலுவானதா சோப்ளாங்கியா என்று தீர்ப்புச் சொல்வதை ஆங்கில ரசிகர்கள் ‘ஒயிட் ரூம்’ ஆய்வு என்பார்கள். சுவரைத் தவிர எதுவும் இல்லாத அறையில் இரண்டு பாத்திரங்கள் மோதுவதாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ‘வெள்ளை அறை’ என்று பெயர்த்தால் வாசகர் மருத்துவமனைக்குப் போய்விடுவார். என் முன்மொழிவு: ஏட்டுக்கணக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி பின்னால் இருந்து வேலை செய்யும், விளக்கம் தேவைப்படாது.

> அப்படியென்றால் ஏட்டுக்கணக்கு வசைச்சொல் ஆகிவிடாதா அக்கா?

நல்ல கேள்வி தம்பி. ஆகக் கூடாது. சில நேரம் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்.

2023 ஏப்ரல் பொதியில், மேலான ஒரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் வார்லாக் வகுப்பை அரை மந்திரவாதி ஆக்கினார்கள், அதாவது மந்திர வலிமை மெதுவாகத்தான் வளரும். 2014-இல் அச்சான ஐந்தாம் பதிப்புப் புத்தகப்படி வார்லாக்குக்கு 9-ஆம் நிலையிலேயே ஐந்தாம் படி மந்திர இடங்கள், அதாவது அந்த வலிமையில் மந்திரம் போடும் வாய்ப்புகள், கிடைத்துவிடும். புது வரைவில் 17-ஆம் நிலை வரை காத்திருக்க வேண்டும். மேல்படி மந்திரங்கள் ஒன்றிரண்டைத் தனித்தெரிவாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒட்டுப்போட்டிருந்தார்கள். வேறொரு தெரிவைக் கொடுத்துத்தான் அதையும் வாங்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள மேசை தேவையா? அட்டவணையைப் பார்த்தாலே போதும். ரசிகர்கள் பார்த்தார்கள், கத்தினார்கள், அதே ஆண்டு செப்டம்பர் பொதியில் வார்லாக்கின் பழைய மந்திர முறை திரும்பிவிட்டது.

ஏட்டுக்கணக்கும் ஆடிய அனுபவமும் சேர்ந்து ஒரு விதியைக் கவிழ்த்த கதை பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. தம்பி, உங்கள் கட்டுரையில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

முதல் பதிப்பில் ஒரு சங்கடம் இருந்தது. காயம் ஆற்றும் மந்திரக்கோல், அடிமட்ட வகை, 750 பொற்காசு. ஐம்பது முறை பயன்படும், ஒவ்வொரு முறையும் சராசரி ஐந்தரை உயிர்ப்புள்ளி (பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதன் அளவு) திரும்பும். மொத்தம் 275 புள்ளி கொசுறு விலைக்கு. நடுத்தர நிலையைத் தாண்டிய கூட்டங்கள் இந்தக் கோல்களை வத்திப்பெட்டி மாதிரி வாங்கி அடுக்கிக்கொண்டன. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் தட்டித் தட்டி எல்லோரும் முழு நலம். ஆபத்து என்பதே கரைந்துவிட்டது. அரிய மந்திரப் பொருள்களுக்கும் மதிப்புப் போயிற்று.

2018 ஆகஸ்டில் பாத்ஃபைண்டரின் பதிப்பாளரான பைசோ நிறுவனம் வெளியிட்ட சோதனை விதிகளில் இதற்கு வைத்தியமாக வந்ததுதான் ‘ரெசொனன்ஸ்’. உங்கள் நிலையோடு ஆளுமைக் கவர்ச்சியின் கூடுதல் எண்ணைக் கூட்டினால் வருவது ஒரு நாளுக்கான புள்ளி. மந்திரக்கோலைத் தட்ட ஒரு புள்ளி, மோதிரத்தை அணிய ஒரு புள்ளி. மருந்துக் குப்பியைக் குடிக்கவும் ஒரு புள்ளி! பொங்கியது அங்கேதான். குள்ளர் இனத்துக்குக் கவர்ச்சிப் பண்பு குறைவு என்பது விதி. ஆக முரட்டுக் குள்ளர் போர்வீரர், முன்வரிசையில் நின்று அதிகம் அடி வாங்குகிறவர், மருந்தைக் குடித்தும் பலிக்காமல் போகலாம். அழகாகப் பேசத் தெரியாதவனுக்கு மருந்து வேலை செய்யாதா என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது?

முதலில் இது ஏட்டுக்கணக்காகத்தான் எழுந்தது. சோதனைக்கென்று ஏழு பகுதிகளாக வெளியிட்ட சாகசக் கதையை ஆடியவர்களும் அதே புகாரோடு திரும்பினார்கள். பைசோ பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த ஆண்டே ரெசொனன்ஸுக்கு மாற்று முறை ஒன்றைத் தனியாக ஆடிப்பார்க்கக் கொடுத்தது. 2019 ஆகஸ்டில் அச்சான புத்தகத்தில் ரெசொனன்ஸ் இல்லை. நாளுக்குப் பத்து மந்திரப் பொருள்களை மட்டும் உடலோடு இணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு எளிய வரம்பு, மருந்துக் குப்பிக்கு வரம்பே கிடையாது. சண்டைக்குப் பின் காயத்துக்குக் கட்டுப்போட மருத்துவத் திறன் போதும், அதனால் கோல்களை அடுக்க வேண்டிய தேவையே குறைந்தது. ரசிகர்கள் எதிர்த்தது விதியை. விதி பிறந்த காரணத்தை அவர்களில் பலர் ஏற்கவே இல்லை, ‘கோல் மலிவாக இருப்பதில் என்ன தப்பு’ என்றே கேட்டார்கள். வடிவமைப்பாளர்கள் விதியைக் கைவிட்டார்கள், காரணத்தை விடவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘ரசிகர்கள் வென்றார்கள்’ என்று எழுதினால் கதை பாதிதான்.

அப்புறம், கருத்து மாறிப்போவதற்கும் ஒரு எடுத்துக்காட்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குத் திரும்புவோம். 2012-இன் முதல் பொதியில் இருந்த குள்ளர் போர்வீரரின் வெட்டு தவறினாலும் எதிரிக்குக் கொஞ்சம் சேதம் விழும். தவறியது என்றால் தவறியதுதானே, அப்புறம் எப்படிக் காயம் என்று ஒரு தரப்பு. உயிர்ப்புள்ளி என்பது சதை மட்டுமா, மூச்சு, தெம்பு, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்ததுதானே என்று மறுதரப்பு. ஆன்மா உண்டா இல்லையா என்கிற அளவுக்குத் தத்துவ விசாரம். 2014-இல் புத்தகம் வந்தபோது விதி மறைந்துவிட்டது. 2024 செப்டம்பர் புத்தகத்தில் ‘கிரேஸ்’ (உரசல்) என்ற பெயரில், பெருவாள் போன்ற சில ஆயுதங்களின் தனித்தன்மையாக அதுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த முறையும் 2023-இல் சோதனைக்கு வந்துதான் போயிற்று, ஆனால் அந்தப் பழைய கூச்சல் இல்லை. போர்வீரனின் இயல்பு என்று சொன்னபோது கசந்தது, கனமான வாளின் இயல்பு என்றதும் இனித்தது போலிருக்கிறது. இது என் ஊகம்தான்.

> எண்ணிக்கை அடிப்படையில் முடிவெடுக்கிறார்களா?

ஓரளவுக்கு. 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்தி தெரிந்தால் அந்த விதி நல்ல நிலையில் இருப்பதாகக் கொள்கிறோம் என்று அப்போது முதன்மை விதி வடிவமைப்பாளராக இருந்த ஜெரமி கிராஃபர்டே ஒன் டி அண்ட் டி சுற்றில் சொன்னார். அதற்கும் ரசிகர்களிடம் எதிர்ப்பு உண்டு. புதுமையான விதி எதுவும் முதல் பார்வையில் 70 வாங்காது, பழகியதுதான் வாங்கும், அதனால் ஆட்டம் நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கும் என்கிறார்கள். எனக்கு இதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. படிவத்தை நிரப்புகிறவர் ஆடினாரா, படித்தாரா, காணொளி மட்டும் பார்த்தாரா என்பதும் அந்த 70-க்குள் கலந்துகிடக்கிறது.

சரி, சொற்களுக்கு வருகிறேன். செயலுக்கு ஆடுசோதனை. அதற்குத் தரும் வரைவுக்கு விதிப்பொதி. ஆடாமல் போடும் கணக்குக்கு ஏட்டுக்கணக்கு. ஆடிவிட்டுச் சொல்வதற்குப் பின்னூட்டம் என்றே இருக்கட்டும். தமிழ் வலைப்பதிவுகளில் எல்லோரும் பழகிய சொல், அதை இனி யாரும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆடாமல் சொல்வதையும் பின்னூட்டம் என்பதா, வெறும் எதிர்வினை என்பதா என்பதைக் கட்டுரையாளரின் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

மீதி இருப்பது ஆள் பெயர். இதில்தான் எனக்கு ஐயாவின் உதவி தேவை. ஆடுசோதனையாளர் வாயில் நுழையவில்லை. ஆடுசோதகர் என்றால் கால்நடை நண்பர் மறுபடியும் சிரிப்பார். 2014 புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில், சோதித்துத் தந்தவர்கள் 1,75,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் பொருத்திப் பார்த்தேன். ‘ஆடிச் சோதித்தோர்: 1,75,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள்’ என்றால் சரளமாக வருகிறது. ஒருவரைக் குறிக்க ‘ஆடிச் சோதித்தவர்’ என்று வினையாலணையும் பெயராகவே வைத்துக்கொண்டால் அகராதியில் தனிப்பதிவு தேவையா, ஆடுசோதனையின் கீழேயே போட்டுவிடலாமா? ஐயா சொன்னால் விக்சனரிப் பதிவை நானே தொடங்கிவிடுகிறேன்.